ஆண்டையும் ஆண்டவரும்

எங்கள் பக்கத்துப் பழைய ஆட்களின் வாயில் இரண்டு சொற்கள் அடுத்தடுத்து வரும். வரப்பில் மிராசுதாரைக் கண்டால் 'ஆண்டே'. கோயிலில் முழந்தாளிட்டால் 'ஆண்டவரே'. இரண்டும் ஒரே வேரில் முளைத்தவை. ஆள்கிறவன் ஆண்டை, ஆள்கிறவர் ஆண்டவர். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தவர்கள் ஆண்டைகளும் அவர்களின் அடியாட்களும். அதே இரவில் கோயில்களில் ஆண்டவர் பிறந்த பாட்டு ஒலித்துக்கொண்டிருந்தது. இந்த இரண்டு சொற்களும் இவ்வளவு நெருக்கமாக இருப்பதை ஒரு தலித் கிறிஸ்தவர் கவனிக்காமல் இருக்க முடியுமா?

எங்கள் தெருவில் ஞாயிறு மாலை விவிலிய வாசிப்புக்குக் கூடுகிறோம். பெரியாரையும் அம்பேத்கரையும் படித்துவிட்டு வரும் பிள்ளைகளும் அதில் உண்டு. அவர்கள் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான். அடிமை வைத்திருந்தவர்களை ஆசீர்வதித்த கடவுளும், கானானியரைக் குழந்தை குட்டிகளோடு அழிக்கச் சொன்ன கடவுளும், தொழுநோயாளியைத் தொட்ட இயேசுவின் தந்தையும் ஒரே கடவுளா? சாமியார்களும் போதகர்களும் சொல்லும் வழக்கமான பதில் உண்டு. கடவுள் மாறுவதில்லை, மனிதர்கள் அவரைப் புரிந்துகொள்வதுதான் படிப்படியாக வளர்ந்தது, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வாத்தியார் எடுத்த எடுப்பில் அல்ஜீப்ரா நடத்துவாரா என்பார்கள். பதில் தவறில்லை. ஆனால் அதில் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அந்த வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தது யார்? பாடம் யாருக்கு முதலில் புரிந்தது? இதைத் தேடிக்கொண்டு போனால் நூலே வேறு மாதிரி தெரிகிறது.

தொடக்கநூலின் 16ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். ஆகார் என்று ஓர் எகிப்திய அடிமைப் பெண். எஜமானிக்குப் பிள்ளை இல்லை, ஆகவே இவள் வயிற்றை எடுத்துக்கொண்டார்கள். அவளிடம் யாரும் சம்மதம் கேட்டதாக எழுதவில்லை. இன்னொன்றும் கவனியுங்கள். ஆபிராமும் சாராயும் பேசும் இடங்களில் ஒரு முறைகூட அவள் பெயரைச் சொல்வதில்லை. என் பணிப்பெண், உன் பணிப்பெண், அவ்வளவுதான். நம் ஊர்களில் அறுபது வயதுக் கிழவரை ஊர்ப் பிள்ளைகள் 'டேய்' என்று கூப்பிடுவதை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. கொடுமை தாங்காமல் அவள் பாலைநிலத்துக்கு ஓடுகிறாள். அங்கே ஒரு நீரூற்றருகில்தான் முதல் தடவையாக ஒருவர் அவளைப் பெயர் சொல்லி அழைக்கிறார். அவர் கடவுளின் தூதர். எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று கேட்கிறார். அவளோ பதிலுக்குக் கடவுளுக்கே ஒரு பெயர் வைத்துவிடுகிறாள், தன்னைப் பார்க்கிற கடவுள் என்று. முழு விவிலியத்திலும் கடவுளுக்குப் பெயர் சூட்டிய முதல் ஆள் ஆபிரகாமில்லை, மோசேயுமில்லை, இந்த ஆகார்தான்.

இதைச் சொல்லி மகிழ்ந்துகொண்டிருக்கும்போதே எங்கள் பெண்கள் அடுத்த கேள்வியை எடுத்துப் போடுவார்கள். அந்தத் தூதர் அவளைத் திரும்பிப் போகச் சொன்னாரே? எஜமானிக்கு அடங்கி இரு என்று சொன்னாரே? ஆம், சொன்னார். இதைப் பூசி மெழுக நாங்கள் விரும்பவில்லை. கறுப்பினப் பெண் இறையியலாளர் டெலோரஸ் வில்லியம்ஸ் 1993இல் ஆகாரைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினார். அவர் சொன்னதன் சாரம்: இந்தக் கடவுள் ஆகாரை விடுவிக்கவில்லை, பிழைத்துக்கிடக்க வழி காட்டினார். பிழைத்துக்கிடப்பதன் அருமை பண்ணையாள் குடும்பத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும். ஆனாலும் அது போதாது என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும்.

அது போதாது என்று விவிலியத்துக்குமே தெரிந்திருக்கிறது. சாராய் ஆகாரைக் கொடுமைப்படுத்தியதைக் குறிக்கும் அதே எபிரேய வினைச்சொல் அடுத்த நூலில் திரும்ப வருகிறது. இந்த முறை எகிப்தியர் எபிரேயரைக் கொடுமைப்படுத்துகிறார்கள். எகிப்திய அடிமையை எபிரேயக் குடும்பம் ஒடுக்கியது, பிறகு எபிரேய அடிமைகளை எகிப்து ஒடுக்கியது. சொல் ஒன்றுதான், ஆள் மாறியிருக்கிறது. செங்கல் சூளையில் கிடந்த அந்த மக்கள் முனகினார்கள், கூக்குரலிட்டார்கள் என்று எழுதியிருக்கிறது. கடவுளை நோக்கி வேண்டினார்கள் என்று எழுதவில்லை. அவர்களுக்கு அந்தக் கடவுளின் பெயர்கூடச் சரியாகத் தெரியாது. வேலைப் பளுவில் எழுந்த ஓலம் தானாகவே மேலே போய்ச் சேர்ந்தது. எங்கள் பார்வையில், விவிலியத்தின் கடவுள் தன்னைக் காட்டிக்கொள்வதில் ஒரு பெரிய திருப்பம் இங்கேதான். ஆகாரிடம் திரும்பிப் போ என்றவர், இப்போது பார்வோனிடம் போகவிடு என்கிறார்.

அதோடு நிற்கவில்லை. இணைச்சட்ட நூலின் 23ஆம் அதிகாரத்தில், பிரசங்கங்களில் நாங்கள் ஒரு தடவைகூடக் கேட்டிராத ஒரு சட்டம் இருக்கிறது. எஜமானிடமிருந்து தப்பி உன்னிடம் வந்த அடிமையைத் திருப்பி ஒப்படைக்கக் கூடாது, உன் ஊர்களில் அவன் விரும்பும் இடத்தில் அவன் குடியிருக்கட்டும், அவனை ஒடுக்காதே. ஆகாருக்கு நீரூற்றருகில் கிடைக்காத நீதி இந்தச் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அவள் காலத்துக்குப் பிந்திப்போய் எழுதப்பட்டதுதான். ஆனால் எழுதப்பட்டது.

யாத்திராகமம் என்ற பெயரில் இதைப் படித்து வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தப் பெயரைக் கேட்டால் வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் போவதுபோல இருக்கும். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு அதற்கு 'விடுதலைப் பயணம்' என்று பெயர் வைத்தது. உள்ளே இருப்பது அதே கதைதான். பெயர் மாறியதும் எங்கள் வாலிபர்கள் அட்டையைத் திறந்தார்கள். கடவுள் தன்னை மெதுவாகத்தான் காட்டுகிறார் என்பதற்கு மொழிபெயர்ப்பு வரலாறும் ஒரு சாட்சி. சர்வேசுரன், பராபரன், தேவன், கடவுள் என்று தமிழ்க் கிறிஸ்தவர்கள் எத்தனை சொல்லை மாற்றிவிட்டார்கள்!

எரியும் முட்புதரில் மோசே பெயர் கேட்டபோது கிடைத்த பதில் 'இருத்தல்' என்ற வினையிலிருந்து வருவது. நான்கு எழுத்துப் பெயர். முன்னோர்களான ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு ஆகியோருக்கு இந்தப் பெயரில் நான் என்னை வெளிப்படுத்தவில்லை என்று கடவுளே சொல்வதாக ஆறாம் அதிகாரம் எழுதுகிறது. ஆடு மாடும் அடிமைகளும் வைத்திருந்த குலத்தலைவர்களுக்குச் சொல்லாத பெயரை, செங்கல் அறுத்தவர்களுக்காகச் சொன்னார் என்று நாங்கள் வாசிக்கிறோம். பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அந்தப் பெயரை உச்சரிக்க யூதர்கள் பயபக்தியால் தயங்கினார்கள், அதற்குப் பதில் 'என் தலைவர்' என்ற பொருள் தரும் சொல்லை வாசித்தார்கள். கிரேக்கத்தில் அது கூரியோஸ் ஆனது, லத்தீனில் தோமினுஸ், தமிழில் கர்த்தர், ஆண்டவர். அடிமைகளுக்குச் சொன்ன பெயர் இருந்த இடத்தில் ஆண்டையின் பட்டம் வந்து உட்கார்ந்துகொண்டது. பயபக்தியில் நடந்ததுதான், சதி ஒன்றுமில்லை. ஆனாலும் நடந்தது. எங்கள் கிழவிகள் மட்டும் இதை வேறு மாதிரி கையாண்டார்கள். மேலே ஆண்டவர் ஒருத்தர் இருக்கும்போது கீழே இவன் யாருடா ஆண்டை என்பார்கள். அந்தப் பட்டத்தைக் கடவுளுக்குக் கொடுத்ததே மிராசுதாரிடமிருந்து பிடுங்குவதற்காக என்பதுபோல. இதுவும் இறையியல்தான்.

கி.மு. எட்டாம் நூற்றாண்டில் ஓசேயா என்ற இறைவாக்கினர் இதே முடிச்சில் கைவைத்தார். பாகால் என்றால் கானானியரின் மழைத் தெய்வம் என்று மறைக்கல்வியில் சொல்லித்தருவார்கள். அந்தச் சொல்லின் நேர்ப்பொருள் உடைமையாளன், எஜமான். நம் மொழியில் சரியாகச் சொன்னால் ஆண்டை. மனைவியை உடைமையாக வைத்திருக்கும் கணவனுக்கும் அதே சொல்தான். ஓசேயாவின் இரண்டாம் அதிகாரத்தில் கடவுள் சொல்வதன் கருத்து இதுதான்: இனி என்னை என் பாகால் என்று கூப்பிடாதே, என் மனிதன் என்று கூப்பிடு. கடவுளே தன்னை ஆண்டை என்று அழைக்க வேண்டாம் என்கிறார்! ஓசேயா நூலில் மனைவியை அவமானப்படுத்தும் வரிகளும் உண்டு, அவற்றை எங்கள் பெண்கள் மன்னிக்கவில்லை, நாங்களும் மன்னிக்கச் சொல்லவில்லை. ஆனால் இந்த ஒரு வரி அதே அதிகாரத்துக்குள் இருந்துகொண்டு அவற்றோடு சண்டை போடுகிறது. பல நூற்றாண்டுகள் கழித்து, கடைசி இரவில் இயேசு சீடர்களைப் பார்த்து இனி உங்களைப் பணியாளர் என்று சொல்ல மாட்டேன், நண்பர்கள் என்கிறேன் என்ற பொருளில் பேசியது இந்த வழியில் வந்த பேச்சுதான்.

எலியாவையும் சொல்ல வேண்டும், சுருக்கமாக. மோசேயோடு நெருப்பில் பேசிய அதே ஒரேபு மலையில், எலியாவுக்குக் கடவுள் நெருப்பில் இல்லை, புயலில் இல்லை, நிலநடுக்கத்திலும் இல்லை. மெல்லிய அமைதியில் வந்தார். பழைய அனுபவத்தை வைத்துக்கொண்டு அடுத்த தடவையும் இப்படித்தான் வருவார் என்று எவனும் கணக்குப் போட முடியாது.

கானான் விஷயத்துக்கு வருவோம். தலித் விடுதலைக்கு விடுதலைப் பயணத்தை எடுத்தாளும் எவரும் யோசுவா நூலைத் தாண்டிக் குதித்துவிட முடியாது. விடுதலையான அடிமைகள் போய் வேறொருவர் நிலத்தில் இறங்கினார்கள். அமெரிக்கப் பழங்குடியான ஓசேஜ் இனத்தைச் சேர்ந்த ராபர்ட் ஆலன் வாரியர் 1989இல் ஒரு கட்டுரையில் இதை முகத்திலடித்தாற்போல் கேட்டார்: நீங்கள் எல்லோரும் இஸ்ரயேலரின் இடத்தில் நின்று படிக்கிறீர்கள், நாங்கள் கானானியரின் இடத்தில் நின்று படிக்கிறோமே, எங்களுக்கு இந்தக் கடவுள் யார்? ஆரியர் வருகையைப் பற்றிப் பேசுகிற நாம், நிலம் பறிக்கப்பட்டுச் சேரிக்குத் தள்ளப்பட்டவர்கள் என்று சொல்லிக்கொள்கிற நாம், அந்தக் கேள்விக்கு வெளியே நிற்க முடியாது. எங்கள் நிலை இது: அந்தக் கட்டளைகளை எழுதியவர்கள் தங்கள் காலத்துப் போர்த்தெய்வங்களின் மொழியில் கடவுளைக் கேட்டார்கள். அவர்கள் கேட்டதெல்லாம் கடவுள் சொன்னதல்ல. இதைச் சொல்ல எங்களுக்கு அதிகாரம் தருவது விவிலியமேதான். ஆமோஸ் ஒரே வாக்கியத்தில் இஸ்ரயேலின் பெருமையை உடைக்கிறார். உங்களை எகிப்திலிருந்து கொண்டுவந்ததுபோல, உங்கள் எதிரிகளான பெலிஸ்தியரையும் அரமேயரையும்கூட நான்தான் கொண்டுவந்தேன் என்று கடவுள் சொல்வதாக. கறுப்பின மக்களான கூசியரும் நீங்களும் எனக்கு ஒன்றுதானே என்றும். விடுதலைப் பயணம் எந்த ஒரு சாதிக்கும் பட்டா போட்டுக் கொடுத்த சொத்தல்ல.

அந்தக் கானான் கடைசியாகத் திரும்பி வருவது ஒரு தாயின் உருவில். மகளுக்காக இயேசுவின் பின்னால் கத்திக்கொண்டு வரும் பெண்ணை மாற்கு அவர் காலத்து வழக்கப்படி சிரிய பெனிசியப் பெண் என்கிறார். மத்தேயு மட்டும் வழக்கொழிந்த பழைய பெயரை வேண்டுமென்றே தோண்டி எடுத்துக் கானானியப் பெண் என்று எழுதுகிறார். அழித்துவிட்டதாக யோசுவா நூல் எழுதிய இனத்தின் பெண் இதோ உயிரோடு நிற்கிறாள், நாய் என்ற சொல்லைக் கேட்டும் நகராமல் நின்று வாதாடுகிறாள். அந்தச் சொல்லை இயேசு எந்தத் தொனியில் சொன்னார் என்று விளக்கவுரைகள் பக்கம் பக்கமாகச் சமாதானம் சொல்லும். நாய் என்று அழைக்கப்பட்ட அனுபவம் உள்ளவர்களுக்கு அந்தச் சமாதானங்கள் செல்லாது. எங்களுக்கு முக்கியம், வாதத்தில் அவள் வென்றாள் என்பதும், அவர் அதை ஒப்புக்கொண்டார் என்பதும்.

சமாரியப் பெண்ணின் கிணற்றடிக்கு வந்தால் எங்கள் வாசிப்பு ஒரு வாரத்தில் முடியாது. யூதர் சமாரியரோடு பாத்திரம் புழங்குவதில்லை என்பது அந்த இடத்தின் பின்னணி. டீக்கடையில் தனிக் குவளை பார்த்தவர்களுக்கு விளக்கவுரை தேவையா? தண்ணீர் அள்ளப் பாத்திரம் இல்லாத ஒரு யூதர், அவள் குடத்தில் வாய் வைக்கத் தயாராக நிற்கிறார். 1927 மார்ச் 20 அன்று மகாத் சவுதார் குளத்தில் அம்பேத்கர் தண்ணீர் அள்ளிக் குடித்தபோது எது உடைந்ததோ அதுதான் இங்கேயும் உடைகிறது, எதிர்த்திசையிலிருந்து. பிரசங்கிமார்கள் அவளுடைய ஐந்து கணவர்களைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் ஓட்டுவார்கள். அவள் இயேசுவை அழைக்கும் விதத்தைக் கவனிப்பதில்லை. முதலில் ஒரு யூதன். அடுத்து ஐயா. பிறகு எங்கள் தந்தை யாக்கோபைவிடப் பெரியவரோ என்ற சந்தேகம். பிறகு இறைவாக்கினர். பிறகு மெசியாவாக இருப்பாரோ. கடைசியில் அவள் ஊர்க்காரர்கள் அவரை உலகின் மீட்பர் என்கிறார்கள். ஒரே நண்பகலில் தொடங்கிய பேச்சில் இத்தனை படிகள். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு, அவள் ஐயா என்று சொல்ல வேண்டிய இடத்திலேயே ஆண்டவரே என்று போட்டுவிட்டது. கிரேக்கச் சொல் இரண்டுக்கும் இடம் தரும் என்பது உண்மை. ஆனால் முன்பின் தெரியாத ஆளிடம், அதுவும் தன் சாதியைத் தாழ்த்தும் சாதிக்காரனிடம், சரிக்குச் சரி பேசிக்கொண்டு நின்ற பெண் அவள். அவளை ஏன் அவசரப்பட்டுக் குனிய வைக்க வேண்டும்?

இனி யோப்பா. அந்தத் துறைமுகத்துக்கு ஒரு முன்கதை உண்டு. பிற இனத்து ஊரான நினிவேக்குப் போக மனமில்லாமல் யோனா கப்பலேறியது இங்கிருந்துதான். பேதுருவுக்கும் யோனாவின் மகன் சீமோன் என்றுதான் பெயர். அவர் யோப்பாவில் தங்கியிருந்தது இன்னொரு சீமோன் வீட்டில். தோல் பதனிடும் சீமோன். வீடு கடலோரம். திருத்தூதர் பணிகள் நூல் இந்தத் தொழிலையும் முகவரியையும் திரும்பத் திரும்பச் சொல்கிறது. ஏன் கடலோரம்? தோல் பதனிடும் இடம் ஊரிலிருந்து 50 முழம் தள்ளி, அதுவும் கிழக்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்று பிற்காலத்தில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டநூலான மிஷ்னா சொல்கிறது. காற்று நாற்றத்தை ஊருக்குள் கொண்டுவரக் கூடாது. நம் ஊர்கள் பலவற்றில் சேரி எந்தத் திசையில் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். தமிழில் 'கீழ்' என்றால் கிழக்கும்தான், தாழ்வும்தான். ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். யூதர்களிடையே தோல் வேலை வெறுக்கப்பட்ட தொழிலே தவிர, பிறப்பால் ஒட்டிக்கொள்ளும் சாதியல்ல. இதை வைத்து யூத மதத்தைப் பழிப்பவர்களோடு எங்களுக்கு உறவில்லை. ஆகாரையும் ஆமோசையும் எழுதி வைத்தது அந்த மக்கள்தான்.

அந்த வீட்டு மாடியில், நண்பகலில், பசியோடு இருக்கும்போது பேதுரு காட்சி காண்கிறார். வானத்திலிருந்து ஒரு விரிப்பு இறங்குகிறது, அதில் உண்ணத் தகாத உயிரினங்கள். கொன்று சாப்பிடு என்று குரல். மாட்டேன், தீட்டானதைத் தின்றதில்லை என்கிறார். கடவுள் தூய்மையாக்கியதைத் தீட்டு என்னாதே என்று மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. அப்போதும் அவருக்கு உடனே விளங்கவில்லை. கொர்னேலியு என்ற ரோமானிய நூற்றுவர் தலைவரின் ஆட்கள் வந்து கதவைத் தட்டிய பிறகுதான் மெல்ல விளங்குகிறது: பாடம் உணவைப் பற்றியது மட்டுமல்ல, மனிதர்களைப் பற்றியது. எந்த மனிதரையும் தீட்டுள்ளவர் என்று சொல்லக் கூடாது. மூன்றாண்டு இயேசுவோடு நடந்தவர், உயிர்த்தவரைக் கண்ணால் கண்டவர், இந்தப் பாடத்தைக் கற்றுக்கொள்ளத் தோல்காரர் வீட்டு மாடிக்கு வர வேண்டியிருந்தது. எருசலேம் ஆலயத்தில் நடத்தியிருக்கலாமே?

கற்றது நிலைத்ததா என்றால் இல்லை. அந்தியோக்கியாவில் பிற இனத்தாரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, யாக்கோபின் ஆட்கள் வந்ததும் பந்தியிலிருந்து நழுவினார். பவுல் அவரை எல்லோர் முன்னிலையிலும் முகத்துக்கு நேரே கண்டித்ததாகக் கலாத்தியர் கடிதம் சொல்கிறது. முதல் திருத்தந்தை என்று கத்தோலிக்கர் போற்றும் மனிதர் பந்தியில் வழுக்கி விழுந்தார் என்பதைத் திருச்சபை தன் நூலிலேயே வைத்திருக்கிறது. இதற்காகத் திருச்சபையை மெச்ச வேண்டும். ஆனால் நம் ஆயர்களின் பீடங்களிலிருந்து இந்தப் பகுதிக்கு எத்தனை பிரசங்கம் வந்திருக்கிறது?

1833இல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், தென்னிந்தியச் சபைகளில் சாதி வேற்றுமையை உடனே கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் ஆதிக்கச் சாதிக் கிறிஸ்தவர்கள் பலர் சபையை விட்டார்கள், சாதியில் நெகிழ்வாக நடந்துகொண்ட லைப்சிக் லுத்தரன் மிஷன் பக்கம் பலர் ஒதுங்கினார்கள். வடக்கன்குளத்தில் சாதிக்கொரு பக்கம் என்று பிரித்துக் கோயிலே கட்டினார்கள். நடுவில் நின்ற தடுப்பு 1910இல் இடிக்கப்பட்டபோது வழக்கு நீதிமன்றம் வரை போனது. ஆ. சிவசுப்பிரமணியன் 'கிறித்தவமும் சாதியும்' நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் பிணங்களுக்கு நடுவேயும் சுவர் எழுப்பினார்கள். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, கடவுளை மாற்றினால் நீ பட்டியல் சாதியில்லை என்கிறது. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் அது திருத்தப்பட்டது, எங்களுக்குத் திருத்தப்படவில்லை. மதம் மாறியதால் சாதி போய்விட்டது என்று அரசு நம்புகிறது. கல்லறைச் சுவரைக் கட்டியவர்கள் அப்படி நம்பவில்லை.

போன மாதம் யோப்பா பகுதியை வாசித்தோம். ஆம்பூரில் தோல் ஷாப்பில் முப்பது வருஷம் வேலை பார்த்து, கை முழுக்க ரசாயனக் கறையோடு ஊர் திரும்பிய ஓர் அக்கா எப்போதும் கடைசியில் உட்காருவார், அதிகம் பேச மாட்டார். அன்று கேட்டார். பேதுருவுக்குப் பசின்னு எழுதியிருக்கு, கீழே ஆக்கிக்கிட்டிருந்தாங்கன்னும் எழுதியிருக்கு. காட்சி முடிஞ்சுது, ஆளுங்க வந்துட்டாங்க, இவரு இறங்கிப் போயிட்டாரு. அந்த வீட்டுல ஆக்குன சோறு என்னாச்சு?

விவிலியத்தை மறுபடி எடுத்துப் பார்த்தோம். சோற்றைப் பற்றி ஒன்றும் இல்லை. வந்த மூவரையும் பேதுரு உள்ளே அழைத்து அன்றிரவு தங்க வைத்தார் என்று மட்டும் இருக்கிறது. வீடு பேதுருவுடையதல்ல. ஒரு யூதரும் பிற இனத்தார் மூவரும் ஒரே கூரையின் கீழ் படுத்தது சீமோனின் வீட்டில், சீமோனின் பாயில்.

"அப்ப அவங்களும் சேந்துதான் சாப்பிட்டிருப்பாங்க" என்றார் அக்கா. "நாத்தம் புடிச்ச வீடுன்னு தெரிஞ்சுதானே வந்தாங்க."